பில் வராத விறகு

வீட்டு எரிசக்திச் செலவு பற்றி எந்த ஆய்வை எடுத்தாலும் ஒரு சின்ன வாய்ப்பாடு எதிரே வந்து நிற்கும். கரண்டுக்கும் கேஸுக்கும் ஒரு வீடு கட்டுகிற தொகையை அந்த வீட்டின் வருமானத்தால் வகுக்க வேண்டும். வருவதுதான் எரிசக்திச் சுமை. அமெரிக்காவில் அது 6 சதவீதத்தைத் தாண்டினால் அதிகச் சுமை என்பார்கள். ஏ.சி.இ.இ.இ. என்ற ஆய்வு அமைப்பு 2020ல் வெளியிட்ட அறிக்கைப்படி, அங்கே கறுப்பினக் குடும்பங்களின் நடுமதிப்புச் சுமை வெள்ளையர் குடும்பங்களுடையதைவிட 43 சதவீதம் அதிகம். குளிர் உள்ளே புகுகிற பழைய வீடு, வாடகைக் குடித்தனம், குறைந்த கூலி எல்லாம் சேர்ந்த விளைவு அது. அந்த அநியாயத்தை எண்ணாக்கிக் காட்டிய வாய்ப்பாடு என்ற மரியாதை எனக்கும் உண்டு.

இதையே வாலிநோக்கத்துக்குக் கொண்டுவந்து போட்டுப் பாருங்க. உப்பளமும் கடலும்தான் அங்கே பிழைப்பு. தமிழ்நாட்டில் 2016 மே முதல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். 75 வாட் சீலிங் ஃபேன் தினம் 12 மணி நேரம் ஓடினால் 60 நாளில் 54 யூனிட். இரண்டாவது ஃபேன் சுற்றினால் இலவசம் தீர்ந்துவிடும். ஆனாலும் 200 யூனிட் வரை போனால்கூட 2024 ஜூலைக் கட்டணப்படி 235 ரூபாய்தான். நல்ல திட்டம், சந்தேகமில்லை. (வாடகை வீட்டில் ஓனர் சொல்வதுதான் யூனிட் ரேட். அது தனிக் கதை.)

அடுப்புக்கு வந்தால்தான் சிக்கல். 2025 ஏப்ரலில் சென்னை விலைக்கு ஒரு சிலிண்டர் 868 ரூபாய் 50 காசு. உஜ்வலா இணைப்பு என்றால் 300 ரூபாய் மானியம் உண்டு, ஆனா அது பிறகுதான் வங்கிக் கணக்கில் ஏறும். சிலிண்டர் வாசலுக்கு வரும்போது முழுப் பணமும் கையில் இருக்கணும். அன்றாடக் கூலியில் அவ்வளவு பணம் ஒரே நாளில் எங்கே சேரும்? சிலிண்டர் மூலையில் நிற்க, விறகடுப்பு எரிகிறது.

விறகுக்குப் பஞ்சமில்லை. ராமநாதபுரம் மாவட்டம் முழுக்க சீமைக் கருவேலம்தான். வெட்டி, முள் கழித்து, கட்டிச் சுமந்து வருவது பெரும்பாலும் பெண்கள். அதுவும் எப்போதும் ஓசியில்லை. கண்மாய்க் கருவை ஏலம் போய்க் கரிமூட்டத்துக்குச் சேர்ந்துவிட்டால் இன்னும் தூரம் நடக்கணும். அந்த நடைக்கும், கையில் ஏறிய முள்ளுக்கும், கண்ணில் ஏறும் புகைக்கும் யாரும் பில் போடுவதில்லை. ஆகவே வாய்ப்பாட்டில் அந்த வீட்டின் சுமை கிட்டத்தட்ட பூஜ்யம்! கேஸ் வாங்க முடியாமல் விட்ட வீடு, கேஸ் வாங்கும் வீட்டைவிட வசதியானதாகத் தெரியும். என் சண்டை இந்த இடத்தில்தான்.

இன்னொன்று, ஆண்டுச் சராசரி. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையில் உப்பளம் மூடிக் கிடக்கும், கூலி நிற்கும். உப்பளத் தொழிலாளர்களுக்கு அரசு 5,000 ரூபாய் நிவாரணம் தருவது இதனால்தான். அதே மூன்று மாதம்தான் விறகும் நனைந்து கிடக்கும், எரிப்பதற்குள் வீடு முழுக்கப் புகை மண்டும். கேஸ் மிக அவசியமான நேரமும் கை காய்ந்த நேரமும் ஒன்றாக வருகின்றன. ஆண்டுச் செலவை ஆண்டு வருமானத்தால் வகுத்தால் இந்த மூன்று மாதம் காணாமலே போகும்.

அமெரிக்காவிலும் இதைக் கவனித்தவர்கள் இருக்கிறார்கள். டெஸ்டினி நாக் உள்ளிட்ட குழு 2022ல் வெளியிட்ட ஆய்வு அரிசோனா வீடுகளைப் பற்றியது. வருமானம் குறைந்த வீடுகள், வெளியே வெயில் இன்னும் ஏறிய பிறகே ஏசியைப் போடுகின்றன என்று மின் அளவீடுகளை வைத்தே காட்டினார்கள். பில் குறைவு, உள்ளே ஆட்கள் வேகிறார்கள். இங்கே அப்படிப் பார்க்க மீட்டர் உதவாது, விறகுக்கு மீட்டர் கிடையாதே. ஆனால் கேஸ் ஏஜென்சியிடம் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தேதி இருக்கிறது. எத்தனை இணைப்பு கொடுத்தோம் என்பதை விட்டுவிட்டு, ஒவ்வொரு ஊரிலும் அக்டோபரில் எத்தனை வீடு கேஸ் புக் பண்ணியது, டிசம்பரில் எத்தனை என்று அதை மாதவாரியாக வெளியிட்டாலே போதும்.