எமிஸ் எண்ணும் எல்லை ஊர்ப் பிள்ளையும்

திருத்தணியில் 1888 செப்டம்பர் 5 அன்று பிறந்த சர்வேபள்ளி ராதாகிருஷ்ணனின் பெயருக்கு முன்னால் நிற்கும் ‘எஸ்’, அவருடைய தந்தையின் பெயரைக் குறிப்பதல்ல. தந்தை வீராசாமி. சர்வேபள்ளி என்பது நெல்லூர்ப் பக்கத்து ஊர். தெலுங்குக் குடும்ப வழக்கப்படி வீட்டுப் பெயராக முன்னால் வருகிறது. இன்று திருத்தணியில் அப்படியொரு குடும்பத்துப் பையன் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தால், பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் என்ற மாணவர் பதிவுத் தளத்தில் அவனுக்கு எந்த இனிஷியலைப் பதிவது? தமிழ்நாட்டு வழக்கத்தில் பழகிய ஆசிரியர் தந்தை பெயரின் முதல் எழுத்தைப் போடுவார். ஆதாரில் வீட்டுப் பெயர் முழுதாக இருக்கும். பிறப்புச் சான்றில் இரண்டும் இல்லாமல் வெறும் பெயர் மட்டும் இருக்கலாம். ஒரே பிள்ளை, மூன்று பதிவு.

சித்தூர் மாவட்டத்திலிருந்த திருத்தணி 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்தோடு இணைந்தது. ம.பொ.சி.யும் தமிழரசுக் கழகமும் நடத்திய எல்லைப் போராட்டத்தின் பலன் அது. எல்லை மாறினாலும் கொள்வினை கொடுப்பினை மாறவில்லை. திருத்தணி, பள்ளிப்பட்டு பக்கம் வீட்டில் தெலுங்கும் தெருவில் தமிழும் பேசும் குடும்பங்கள் ஏராளம். ஆந்திரத்து நகரியில் பெண் எடுப்பார்கள். புத்தூரில் வேலைக்குப் போவார்கள். பிள்ளைகளும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் படிப்பார்கள். மாணவர் விவரங்களைக் கணினியில் பேணும் முறையின் நிறைகுறைகளை எடைபோட இதைவிடப் பொருத்தமான ஊர் கிடைக்காது.

முதலில் நிறையைச் சொல்லிவிட வேண்டும். அது பெரியது. அரசுப் பள்ளியில் படித்தேன் என்று நிரூபிப்பது இன்று ஒரு பிள்ளையின் எதிர்காலத்தையே தீர்மானிக்கிறது. 2020-ல் மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு வந்தது. அடுத்த ஆண்டு பொறியியல் உள்ளிட்ட தொழிற்கல்விக்கும் விரிந்தது. 2022 செப்டம்பர் 5 அன்று, ராதாகிருஷ்ணன் பிறந்த நாளிலேயே, புதுமைப் பெண் திட்டம் தொடங்கியது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குக் கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய். 2024 ஆகஸ்டில் ஆண் மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் வந்தது.

இவை எல்லாவற்றுக்கும் அடிப்படை, ஏழு ஆண்டுப் பள்ளி வரலாறு. பழைய முறையில் இதை நிரூபிக்க, படித்த பள்ளிக்கெல்லாம் போய்ச் சான்று வாங்க வேண்டும். பொதட்டூர்பேட்டையில் தறி ஓட்டும் ஒரு தாய் ஒரு சான்றுக்காக இரண்டு நாள் கூலியை இழப்பாள். இப்போது பள்ளிப் பக்கம் எமிஸ், கல்லூரிப் பக்கம் யூமிஸ் என்று இரண்டு தளங்களும் பேசிக்கொள்வதால், திருத்தணி சுப்பிரமணிய சுவாமி அரசு கலைக் கல்லூரியில் சேரும் மாணவியின் பள்ளி வரலாற்றைக் கல்லூரியே பார்த்துக்கொள்ள முடிகிறது. ஏழைக் குடும்பத்துக்கு இந்த மென்பொருள் செய்திருக்கும் நன்மை இது. ‘எல்லாம் பழைய பதிவேடே போதும்’ என்று பேசுகிறவர்கள் அந்தத் தாயின் அலைச்சலைக் கணக்கில் எடுப்பதில்லை.

ஆனால் பதிவு இவ்வளவு மதிப்புப் பெற்றுவிட்டால், பிழையின் விலையும் அதே அளவு ஏறிவிடுகிறது. சேர்க்கை நீக்கப் பதிவேட்டில் பெயர் தவறாக இருந்தால் தலைமையாசிரியர் சிவப்பு மையில் கோடிட்டு, மேலே சரியானதை எழுதி, சுருக்கொப்பமும் தேதியும் இடுவார். தவறும் தெரியும், திருத்தமும் தெரியும், திருத்தியவரும் தெரிவார். கணினிப் பதிவில் பெற்றோர் கண்ணுக்கு இதில் எதுவும் படுவதில்லை. சில திருத்தங்களைப் பள்ளியிலேயே செய்யலாம். சிலவற்றுக்கு மேலே போக வேண்டும். எது எங்கே முடியும் என்பது ஆசிரியருக்கே பல நேரம் குழப்பம். லட்சுமி என்ற பெயரையே ஆங்கிலத்தில் மூன்று விதமாக எழுதுகிறோம். ஆதாரில் ஒரு விதம், எமிஸில் இன்னொரு விதம் இருந்தால் ஒன்றிய அரசின் 12 இலக்க மாணவர் அடையாள எண்ணான அபார் உருவாவதில் சிக்கல், ஏனென்றால் அது ஆதாரோடு ஒத்துப்போக வேண்டும். உடனே ஆசிரியர் சொல்வது: ‘ஆதார்ல பேரை மாத்திட்டு வாங்கம்மா.’ பிள்ளைக்கு வைத்த பெயர் சரியாகத்தான் இருக்கிறது. ஒரு எழுத்துக்காக அந்தத் தாய் வேலையை விட்டு ஆதார் மையத்தில் காத்திருக்கிறாள். 2018 செப்டம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றம், பள்ளிச் சேர்க்கைக்கு ஆதாரைக் கட்டாயமாக்க முடியாது என்று தெளிவாகச் சொன்னது. அபார் எண்ணுக்கும் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். ஆனால் ஒப்புதல் படிவம் கையெழுத்துக்கு நீட்டப்படும்போது, ‘வேண்டாம் என்றும் சொல்லலாம்’ என்று எடுத்துச் சொல்ல அங்கே யாரும் இருப்பதில்லை.

பொருந்தாத பெயர் கணக்கில் என்ன ஆகிறது? தேசிய அளவில் பள்ளித் தரவைத் திரட்டும் யூடைஸ் பிளஸ், முன்பு பள்ளிவாரியாக எண்ணிக்கையை மட்டும் கேட்டது. 2022-23 முதல் ஒவ்வொரு மாணவரையும் தனித்தனியாகப் பதியச் சொன்னது. 2021-22-ல் 26.52 கோடியாக இருந்த நாட்டின் மாணவர் எண்ணிக்கை 2022-23-ல் 25.17 கோடி, 2023-24-ல் 24.80 கோடி என்று இறங்கியது. இரட்டைப் பதிவுகளும் போலிப் பெயர்களும் நீங்கியது ஒரு காரணம். அது நல்லதே. ஆனால் குறைந்த எண்ணிக்கையில் போலி எத்தனை, உண்மையிலேயே படிப்பை விட்ட பிள்ளை எத்தனை, ஆந்திரத்திலிருந்து இங்கே வந்து பதிவு தொடராமல் போன பிள்ளை எத்தனை என்று அந்த எண்ணை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. எமிஸ் எண் தமிழ்நாட்டோடு நின்றுவிடும். எல்லை தாண்டும் பிள்ளைக்கு அது பயன்படாது.

இதைவிட எனக்குக் கோபம் தருவது ‘காமன் பூல்’ விவகாரம். ஒரு பள்ளியிலிருந்து விலகும் மாணவரின் பதிவைப் பழைய பள்ளி எமிஸில் பொதுத் தொகுப்புக்கு அனுப்ப, புதிய பள்ளி அங்கிருந்து எடுத்துக்கொள்வது நடைமுறை. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், மாற்றுச் சான்றிதழ் (டி.சி.) தாமதமாவதைக் காரணம் காட்டிச் சேர்க்கையைத் தள்ளிப்போடக் கூடாது என்கிறது. 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றமும், டி.சி. என்பது கட்டண பாக்கியை வசூலிக்கும் கருவி அல்ல என்று தீர்ப்பளித்தது. ஆனால் தாள் டி.சி.யைக் கொடுத்துவிட்டுக் கணினிப் பதிவை விடாமல் வைத்திருக்கலாமே? கட்டணம் கட்ட முடியாமல் அரசுப் பள்ளிக்கு மாறும் பிள்ளை வகுப்பில் உட்கார்ந்திருக்கும். தளத்தில் இன்னும் பழைய பள்ளியில் இருக்கும். சட்டம் திறந்துவிட்ட கதவை மென்பொருள் சாத்த இடம் கொடுத்திருக்கிறது. இது தொழில்நுட்பக் கோளாறு அல்ல. பதிவை விடுவிக்கும் அதிகாரத்தைப் பழைய பள்ளியின் கையில் கொடுத்தது வடிவமைப்பில் எடுத்த ஒரு முடிவு. எடுத்த முடிவை மாற்றவும் முடியும்.

ஆசிரியர்களின் சுமை தனிக் கதை. எமிஸ் பதிவேற்றத்திலிருந்து விடுவிக்க வேண்டும் என்பது டிட்டோஜாக் போன்ற ஆசிரியர் கூட்டமைப்புகளின் நீண்ட நாள் கோரிக்கை. அரசும் தனி ஆட்களை அமர்த்திச் சுமையைக் குறைக்க முயன்றிருக்கிறது. ஆனால் ஈராசிரியர் பள்ளியில் இன்றும் பாடவேளையில் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியவர் ஆசிரியர்தான். பதியும் கை களைத்திருந்தால் பிழை மலிவது இயல்பு.

தகவல் பாதுகாப்பு பற்றியும் ஒரு சொல். ஒன்றிய அரசின் தீக்‌ஷா செயலியின் சேமிப்பகம் பூட்டப்படாமல் கிடந்து லட்சக்கணக்கான ஆசிரியர், மாணவர் விவரங்கள் வெளியே தெரிந்தது 2023-ல் அம்பலமானது. சாதி, குடும்ப வருமானம், கைப்பேசி எண் என்று ஒரு பிள்ளையைப் பற்றி இவ்வளவையும் ஓரிடத்தில் சேர்க்கும் அரசு, எது உண்மையிலேயே தேவை என்று ஒவ்வொரு புலமாகக் கேட்டுப் பார்த்து வேண்டாததை நீக்க வேண்டும்.

இந்த முறையைக் கைவிடச் சொல்லவில்லை, திருத்தச் சொல்கிறேன். புதிய பள்ளி பிள்ளையைச் சேர்த்துக் கோரிக்கை வைத்தவுடன், குறித்த நாளுக்குள் பதிவு தானாக மாற வேண்டும். பழைய பள்ளியின் இசைவுக்குக் காத்திருக்கக் கூடாது. பெயரை ஒரே அச்சில் வார்க்காமல் வீட்டுப் பெயருக்கும் தந்தை பெயருக்கும் தனித்தனி இடம் வேண்டும். எல்லா வகுப்புக்கும் ஆண்டுக்கொரு முறை, பிள்ளையின் எமிஸ் பதிவை அச்செடுத்துத் தமிழிலும், தெலுங்குக் குடும்பங்களுக்குத் தெலுங்கிலும் பெற்றோர் கையில் கொடுக்க வேண்டும். பெற்றோர் பிழையைக் குறித்துக் கொடுத்தால் அதற்கு ரசீது தர வேண்டும். பத்தாம் வகுப்புப் பெயர்ப் பட்டியல் தேர்வுத் துறைக்குப் போகும் முன் இது கட்டாயம் நடக்க வேண்டும். அங்கே போய்ச் சான்றிதழில் அச்சாகிவிட்டால், அதே ஒரு எழுத்தை மாற்ற மனு, ஆதாரம், அலுவலகம் என்று அந்தக் குடும்பம் மறுபடி கூலியை இழந்து அலைய வேண்டியிருக்கும்.