மரைக்காயர்: ஒரு பட்டப்பெயரும் அதற்குச் சொல்லப்படும் பொருள்களும்

செங்கல்பட்டு வட்டாரத்து அரபிக் கல்லூரி ஒன்றில் சர்ஃபும் நஹ்வும் கற்பித்து வரும் எனக்கு, ஆண்டுதோறும் சேர்க்கைப் பதிவேட்டைப் புரட்டிப் பெயர்களைப் படிப்பது ஒரு பழக்கமாகிவிட்டது. கோவளம், சதுரங்கப்பட்டினம், திருப்போரூர், மதுராந்தகம் எனச் சுற்றுப்புறங்களிலிருந்து வரும் மாணவர்களின் பெயர்களில் ஷேக், சையித், பாஷா, ஷரீப் ஆகியவை மிகுதி. மரைக்காயர் என முடியும் பெயரோ விரல்விட்டு எண்ணத்தக்கது. சில ஆண்டுகளுக்கு முன்னர் பழவேற்காட்டிலிருந்து வந்து சேர்ந்த மாணவர் ஒருவரின் தாள்களில் ஒரு விந்தையைக் கண்டேன். ஜமாஅத் கடிதத்தில் அவர் மரைக்காயர். சாதிச் சான்றிதழில் லெப்பை. மலேசியாவில் வாழும் அவருடைய பெரிய தந்தையார் தம் பெயரை எழுதும் முறையில் மெரிக்கான். ஒரே குடும்பம், மூன்று அடையாளம். “ஹஜ்ரத், மரைக்காயர் என்பது அரபிச் சொல்லா?” என்று அவர் கேட்டார். “மர்கப் என்னும் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள்” என்று, நானும் என் ஆசிரியர்களிடம் கேட்டிருந்ததையே சொல்லி அனுப்பினேன். சொல்லி முடித்த பின்னர்தான் அந்த விடை என்னை உறுத்தத் தொடங்கிற்று. சொல்லிலக்கணம் கற்பிப்பவன் ஒரு சொல்லை ஆராயாமல் கையளித்துவிட்டேன் அல்லவா?

‘மர்கப்’ விளக்கம் பெரும்பாலோருக்கு எட்டியது எட்கர் தர்ஸ்டனின் வாயிலாகத்தான். 1909இல் ஏழு தொகுதிகளாக வெளிவந்த ‘தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்’ என்னும் நூலில் மரைக்காயர் பற்றிய பதிவு உள்ளது. அவர்தம் முன்னோர் முதன்முதலாகக் கரையிறங்கியபோது, நீங்கள் யார், எங்கிருந்து வருகிறீர்கள் என்று உள்ளூரார் வினவினராம். வந்தவர்கள் தம் மரக்கலத்தைச் சுட்டிக்காட்டி ‘மர்கப்’ என்றனராம். அன்று முதல் அவர்கள் மரைக்காயர் எனப்பட்டனராம். நம் ஊர்களின் திருமண மலர்களிலும் பள்ளிவாசல் விழா மலர்களிலும் இக்கதை எத்தனை முறை மறுபதிப்பாகியிருக்கிறது என்பதை இப்பக்கங்களின் வாசகர்கள் நன்கறிவர்.

இக்கதையின் அமைப்பே ஐயத்துக்குரியது. மொழி தெரியாத அயலான் எதையோ சுட்டி எதையோ சொல்ல, அதுவே பெயராய் நிலைத்தது என்னும் கதை உலகின் பல ஊர்ப்பெயர்களுக்கும் இனப்பெயர்களுக்கும் சொல்லப்படுவது. பெயர் முதலில் இருக்கிறது; பொருள் மறந்துபோகிறது; பின்னர் அதற்கு ஒரு காட்சி புனையப்படுகிறது. தர்ஸ்டனும் வழக்கமாக இவ்வாறு கூறப்படுகிறது என்ற அளவிலேயே இதைப் பதிவு செய்தார். ‘கூறப்படுகிறது’ என்பதை ‘ஆகும்’ என்று மாற்றியவர்கள் நாம்.

கதை கிடக்கட்டும், சொல்லைப் பார்ப்போம். மர்கப் என்பது றா, காஃப், பா ஆகிய மூவெழுத்து வேரிலிருந்து மஃப்அல் என்னும் வாய்பாட்டில் பிறந்தது. ஏறிச் செல்லுதல் என்பது வேரின் பொருள். ஏறிச் செல்லப்படும் ஊர்தி, சிறப்பாகக் கப்பல், என்பது மர்கபின் பொருள். அரபு மாலுமிகளிடையே இது பெருவழக்கான சொல் என்பதில் ஐயமில்லை. மர்கப் தரப்புக்கு இவ்வளவும் விட்டுக்கொடுக்கலாம். இடர் ஈற்றெழுத்தில் உள்ளது. இதே வாய்பாட்டில், இதே ‘பா’ ஈற்றோடு அமைந்த இன்னொரு சொல் தமிழ் முஸ்லிம்களின் நாவில் நாள்தோறும் புழங்குகிறது: மத்ஹப். அதை நாம் மத்ஹபு என்கிறோம். கிதாப் கிதாபு ஆயிற்று; ஜவாப் ஜவாபு ஆயிற்று; ஸவாப் ஸவாபு ஆயிற்று. தமிழ் நா ஈற்றுப் பகர ஒலியை விழுங்குவதில்லை. உகரம் சேர்த்துக் காப்பாற்றுகிறது. அவ்வழக்கின்படி மர்கப் மர்க்கபு என்று ஆகியிருக்க வேண்டும். அதற்குரியவர் மர்க்கபுக்காரர் ஆகியிருப்பார். அரபியிலேயே உறவுப்பெயர் அமைத்திருந்தால் மர்கபீ என வந்திருக்கும். மரைக்காயர் என்பதில் அந்த ‘பா’வின் சுவடே இல்லை. நாட்பட்ட வழக்கில் தேய்ந்தது என்பார்க்கு, தேய்மானத்தின் இடைப்படி ஒன்றையேனும் காட்டும் கடமை உண்டு.

இதைவிட வலுவான சான்று மேலைக்கரையில் கிடைக்கிறது. பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஷைக் ஸைனுத்தீன் மக்தூம் (ரஹ்) அரபியில் இயற்றிய ‘துஹ்ஃபத்துல் முஜாஹிதீன்’ போர்த்துக்கீசியரை எதிர்த்த மரக்கார்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. இந்நூலைச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் வழியாக 1942இல் ஆங்கிலமாக்கி வெளியிட்டவர் முஹம்மது ஹுசைன் நயினார். அவர் பெயரிலும் ஒரு பட்டம் ஒட்டியிருப்பதைக் கவனிக்க. மக்தூம் அரபியில் துறைபோகியவர். மர்கப் என்னும் சொல்லை அறியாதவர் அல்லர். ஆயினும் மரக்கார் என்பதை அவர் வேற்றுமொழிச் சிறப்புப்பெயராக ஒலிபெயர்த்தாரேயன்றி மர்கபோடு முடிச்சிடவில்லை. அது அரபிச் சொல் என்று அவர் கருதியிருந்தால் அதை அரபி வடிவிலேயே எழுதியிருப்பாரல்லவா? 1538இல் மண்டபத்துக்கு அருகே வேதாளையில் போர்த்துக்கீசியரோடு பொருதிய பட்டு மரக்காரும், 1600இல் கோவாவில் கொல்லப்பட்ட நான்காம் குஞ்ஞாலி மரக்காரும் இப்பட்டத்தையே சுமந்தவர்கள்.

பின், சொல்லின் கரு எது? ‘மரம்’தான். கட்டுமரம், மரக்கலம் என்னும் சொற்களில் மரம் என்பது நீரில் மிதக்கும் கலத்தைக் குறித்து நிற்பதைத் தமிழறிந்தார் அனைவரும் அறிவர். மலையாளக் கரையில் படகு செலுத்துவோன் மரக்கான். அதன் மதிப்புப் பன்மை மரக்கார். இன்னும் வடக்கே துளுநாட்டுக் கரையில் மொகவீர மீனவருக்கு மரகலர் என்னும் பெயரும் உண்டு. ஒரே தொழிலைச் சுற்றி, ஒரே கடற்கரை நெடுகிலும், ஒரே கருவிலிருந்து கிளைத்த சொற்கள் இவை. மரக்கலராயர் என்பதே மரைக்காயர் எனச் சுருங்கிற்று என்பாரும் உளர். ‘ராயர்’ மேலைக்கரை வடிவத்தில் எங்கே போயிற்று என்பதற்கு அவர்கள் விடையிறுக்க வேண்டும். ஈறு குறித்து இன்னும் வாதிடலாம். கரு குறித்து வாதிட இடம் குறைவு. றகரம் இட்டு எழுதி ‘மறை’யாகிய வேதத்தை உடையோர் எனப் பொருள் காண்பது பக்தியின் பாற்பட்டது; ஆய்வின் பாற்பட்டதன்று. அவ்வாறு ஒலியை மட்டும் துணைக்கொண்டால், நம் மாவட்டத்துக்குத் தெற்கே உப்பளங்களுக்குப் பெயர்போன மரக்காணத்தையும் மரைக்காயரோடு இணைத்துவிடலாம்!

லெப்பை என்பதற்கும் இதே கதிதான். ஹஜ்ஜாஜ் இப்னு யூசுஃபின் கொடுமைக்கு அஞ்சி வெளியேறிய ஹாஷிம் குலத்தார் சிலர் குமரிமுனைக்குக் கிழக்கே குடியேறினர் என்றும், அவர்களுக்கு ‘லப்பைக்’ என்னும் விடைமொழியால் அப்பெயர் உண்டாகியிருக்கலாம் என்றும் 1810இல் வெளிவரத் தொடங்கிய தம் தென்னிந்திய வரலாற்றில் எழுதியவர் மார்க் வில்க்ஸ் என்னும் ஆங்கிலப் படையதிகாரி. ஒலியளவில் இது மர்கபைக் காட்டிலும் பொருத்தமானதே. ஆனால் ‘இருக்கலாம்’ என்று அவர் வைத்த இடைவெளியை நாம் அடைத்துவிட்டோம். அவர் பேச்சில் அது அழைப்பவருக்கு விடையிறுக்கும் சாதாரணச் சொல். நாம் அதை ஹாஜிகளின் தல்பியாவாக உயர்த்திக்கொண்டோம்.

அரபி வேரின்மேல் நம்மவருக்கு ஏன் இத்துணை வேட்கை? விடை சொல்லக் கூச்சமாக இருப்பினும் சொல்லியாக வேண்டும். மரக்கான் என்றால் படகோட்டி. படகோட்டி என்றால் மீனவரோடு உறவு. அந்த உறவை ஏற்க மனம் இசையவில்லை. மர்கப் என்றால் அரபு நாட்டுக் கப்பல் வந்துவிடுகிறது, குலமும் உயர்ந்துவிடுகிறது. இங்கே இரண்டு வினாக்கள் ஒன்றாகக் குழப்பப்படுகின்றன. ஒரு குடும்பத்தின் குருதி எங்கிருந்து வந்தது என்பது ஒரு வினா. அக்குடும்பத்துக்கு இட்ட பட்டம் எம்மொழிச் சொல் என்பது வேறொரு வினா. அரபு வணிகரின் வழித்தோன்றலுக்கும் அவர் வாழ்ந்த கரையின் மொழியில் பட்டம் வழங்கப்படலாம், வழங்கப்படுவதே இயல்பு. சொல் தமிழென்று நிறுவப்படுவதால் எவருடைய நஸபும் பொய்யாகிவிடாது. சொல் அரபியென்று நிறுவப்பட்டாலும் எவருடைய நஸபும் மெய்யாகிவிடாது.

தொழிற்பெயர் இழிவென்னும் எண்ணம் அரபி அறிவு மரபில் இருந்ததா? ஹிஜ்ரி 562இல் மறைந்த ஸம்ஆனீயின் ‘கிதாபுல் அன்ஸாப்’ என்னும் பெருநூலைத் திறந்து பார்ப்போர், ஊராலும் குலத்தாலும் அமைந்த பெயர்களோடு தொழிலால் அமைந்தவை வேறுபாடின்றி அகரவரிசையில் அமர்ந்திருக்கக் காண்பர். துணி வணிகர் பஸ்ஸாஸ். சுண்ணச்சாந்து வேலை செய்பவர் ஜஸ்ஸாஸ். கண்ணாடித் தொழிலாளி ஸஜ்ஜாஜ். ஹனஃபி ஃபிக்ஹின் தூண்களில் ஒருவர் ஜஸ்ஸாஸ். நஹ்வின் பேராசான்களில் ஒருவர் ஸஜ்ஜாஜ். மரைக்காயர்கள் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபிலோ, ஹிஜ்ரி 417இல் மறைந்த கஃப்ஃபால் அல்மர்வஸீ (ரஹ்) இருக்கிறார். கஃப்ஃபால் என்றால் பூட்டுச் செய்பவர். அவர் உண்மையிலேயே பூட்டுத் தொழிலில் கைதேர்ந்தவராயிருந்து, பின்னர் கல்விக்கு வந்தவர். ஷாஃபிஈ மாணவன் ‘பூட்டுக்காரர் சொன்னார்’ என்று கூச்சமின்றிப் பாடம் ஒப்பிக்கிறான். தன் பெயர் ‘படகுக்காரர்’ என்றால் மட்டும் முகம் சுளிக்கிறான்.

இனி, இப்பெயர் எங்கெங்கே, எவ்வளவு என்னும் வினா. மரைக்காயர் வாழும் ஊர்களை அடுக்குவோர் பழவேற்காட்டில் தொடங்கி, அடுத்த மூச்சில் பரங்கிப்பேட்டைக்குத் தாவி, நாகூர், காரைக்கால், அதிராம்பட்டினம், தொண்டி, கீழக்கரை, காயல்பட்டினம் எனத் தெற்கே போவர். நடுவே கோவளமும் மாமல்லபுரமும் சதுரங்கப்பட்டினமும் விடுபடுகின்றன. கடல் அங்கும் இருக்கிறது; துணி ஏற்றுமதியும் இருந்தது. ஆயின் சதுரங்கப்பட்டினம் டச்சுக்காரரின் கோட்டைத்துறை. கோவளம் ஆர்க்காட்டு நவாபு சஆதத்துல்லா கானின் பெயரால் சஆதத் பந்தர் என அழைக்கப்பட்டு, ஆஸ்டெண்ட் கும்பினியாரின் பண்டகசாலையைக் கண்டு, 1752இல் கிளைவின் கையில் வீழ்ந்து, அதன் கோட்டை தகர்க்கப்பட்டது. இக்கரையின் முஸ்லிம் வாழ்வில் நவாபு ஆட்சியோடு வந்த உருது மொழியினருக்கும், தமீமுல் அன்ஸாரி தர்காவைச் சூழ்ந்து வளர்ந்த குடியிருப்புக்கும் பங்கு மிகுதி. சொந்தக் கப்பல் வைத்திருந்த தமிழ் வணிகக் குடிகளுக்குப் பங்கு குறைவு. பட்டம் அருகியதற்கு இதுவே காரணமென்பது என் கருத்து.

இதிலும் ஒரு நுட்பம் உண்டு. பழவேற்காடு பழைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. 1997இல் மாவட்டம் பிரிக்கப்பட்டபோது அது திருவள்ளூருக்குப் போயிற்று. 2019இல் காஞ்சிபுரத்திலிருந்து பிரித்து மீண்டும் ஒரு செங்கல்பட்டு மாவட்டம் உருவாக்கப்பட்டபோது அது திரும்பி வரவில்லை. ஆகவே ‘செங்கல்பட்டு மாவட்டத்து மரைக்காயர்’ என்போர் ஒருவரும் இடம்பெயராமலே ஒரு கோட்டால் குறைந்துபோயினர்.

அரசுக் கணக்கு இதற்கு உதவாது. 2011 கணக்கெடுப்பு தமிழ்நாட்டு முஸ்லிம்களை ஏறத்தாழ 42 லட்சம் என, மக்கள்தொகையில் 5.86 விழுக்காடு என, மதத்தால் மட்டுமே எண்ணியது. 2007இல் 3.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு பெற்ற பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களின் பட்டியலிலோ இராவுத்தரும் மரைக்காயரும் லெப்பை என்னும் தலைப்புக்குள் அடக்கப்பட்டுள்ளனர், பேசுவது தமிழாயினும் உருதுவாயினும். ஒதுக்கீட்டின் பயனை நான் குறைத்துப் பேசவில்லை; என் மாணவர் பலர் அதனால் கல்வி பெற்றவர்கள். ஆனால் பள்ளியில் சேரும் நாளிலேயே மரைக்காயர் வீட்டுப் பிள்ளை தாளில் லெப்பையாகிவிடுகிறான். பெண் பிள்ளைகளுக்கோ பட்டம் ஒட்டுவதே இல்லை. எனவே பெயரை வைத்து எண்ணுவோர் பாதிக் குடும்பத்தை எண்ணாமலே விடுகின்றனர்.

இன்று செங்கல்பட்டு மாவட்டத்துக்குள் இருக்கும் பல்லாவரத்தின் முஸ்லிம் வணிகரை ஆராய்ந்த மாட்டிசன் மைன்ஸ், 1972இல் வெளியான தம் நூலில் இராவுத்தர், லெப்பை, மரைக்காயர், காயலர் என்னும் நான்கு பிரிவுகளைக் குறிப்பிட்டார். சொந்த ஊரில் பொருள்பட்ட இவ்வேறுபாடுகள், பல ஊரார் கலந்து வாழும் நகரில் பின்தள்ளப்பட்டு, முஸ்லிம் என்னும் அடையாளமே முன்னுக்கு வருவதை அவர் எடுத்துக்காட்டினார். அது சரியான கணிப்பு. நகரத்தோடு அலுவலகப் படிவத்தையும் காரணமாகச் சேர்க்க வேண்டும் என்பேன். இங்கே தந்தை பெயரின் முதலெழுத்தே போதுமென்று ஆனபின் பட்டம் உதிர்கிறது. குடும்பப்பெயர் கேட்கும் நாடுகளுக்குச் சென்றவர்களிடம் அதே பட்டம் உறைந்து நிற்கிறது. பினாங்கில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலை நிறுவிய காதர் முகைதீன் மெரிக்கான் முதல் இன்றைய மலேசியக் கலைஞர்கள் வரை மெரிக்கான் என்பது தலைமுறை தோறும் இறங்கும் குடும்பப்பெயர். இலங்கையில் மரிக்கார் என்பதும் அவ்வாறே. பட்டம் பிறந்த கரையில் மங்கிற்று; கடல் கடந்த இடத்தில் தங்கிற்று.

அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதி விவரமும் சேர்க்கப்படும் என 2025 ஏப்ரலில் ஒன்றிய அரசு அறிவித்தது. நம் வீடுகளிலும் அவ்வினா கேட்கப்படுமானால் பழவேற்காட்டார் என்ன சொல்வர்? சான்றிதழில் உள்ளதையா, ஜமாஅத் ஏட்டில் உள்ளதையா? ஹுஜுராத் அத்தியாயம் குலங்களின் நோக்கமாக அறிமுகத்தைச் சொல்கிறது, பெருமையை அன்று. அறிமுகத்துக்காயினும் பெயர் பிழையின்றி இருக்க வேண்டும்.

முன்சொன்ன மாணவரை அழைத்து என் விடையைத் திருத்திச் சொன்னேன். அவர் தம் ஆண்டிறுதிக் கட்டுரையில் மரைக்காயர் தமிழ்ச்சொல் என்றே எழுதினார். ஒரு வாரத்தில் அவருடைய தந்தையார் தொலைபேசியில் அழைத்தார். “நாங்கள் அரபு நாட்டிலிருந்து வந்தவர்கள், ஹஜ்ரத். பிள்ளையிடம் எங்களைப் படகோட்டி என்று சொல்லிவிட்டீர்களே!” என்றார், மரியாதை குறையாமல். நஸபு வேறு, பெயர் வேறு என்று விளக்கினேன். கஃப்ஃபாலைச் சொன்னேன். அமைதியாகக் கேட்டுக்கொண்டார். “கப்பல் எங்களுடையது, ஓட்டியவர்கள் வேறு ஆட்கள் என்றாவது எழுதச் சொல்லுங்கள்” என்றார். அவர் இன்றளவும் இசையவில்லை.