இல்லாத நிலையத்தில் இறங்குவது எப்படி?

ரயில் பைத்தியம் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் யாரிடமாவது நியூயார்க்கின் சாட்டம் ஸ்கொயர் பற்றிப் பேச்செடுத்துப் பாருங்கள். "அதைத்தான் இடிச்சுட்டாங்களே, இனி என்னத்தப் பார்க்கிறது?" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நிற்கிற கட்டடத்தை எவனும் ரசிப்பான் ஐயா!

அடிப்படையைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். மன்ஹாட்டனில் தெருக்களின் தலைக்கு மேல் இரும்புத் தூண்களில் நான்கு ரயில் பாதைகள் இருந்தன. இரண்டாம், மூன்றாம், ஆறாம், ஒன்பதாம் அவென்யூக்களின் பெயரில் ஓடின. நாம் பறக்கும் ரயில் என்கிறோமே, அதை அந்த ஊர்க்காரர்கள் 'எல்' என்றார்கள். (பழந்தமிழில் எல் என்றால் வெளிச்சம். தெருவின் வெளிச்சத்தை மறைத்த ரயிலுக்கு இப்படி ஒரு பெயர்! தற்செயல்தான், ஆனாலும் எனக்கு அதில் ஓர் அற்ப சந்தோஷம்.) மூன்றாம் அவென்யூ எல் 1878இல் வந்தது. முதலில் நீராவி, 1902 வாக்கில் மின்சாரம். தீவின் தெற்கே, சைனாடவுனை ஒட்டிப் பல தெருக்கள் முட்டிக்கொள்ளும் இடத்தில் சாட்டம் ஸ்கொயர் நிலையம். இரண்டாம், மூன்றாம் அவென்யூ ரயில்கள் அங்கே கூடி, ஒரு கிளை சிட்டி ஹாலுக்கும் இன்னொன்று சவுத் ஃபெர்ரிக்கும் பிரிந்தன. மீதியைப் பழைய வரைபடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மூடுவது வேறு, இடிப்பது வேறு. இது பிடிபடாதவர் எத்தனை புகைப்படம் பார்த்தாலும் வீண்.

சாட்டம் ஸ்கொயரை ஒரே நாளில் மூடவில்லை. 1942 ஜூனில் இரண்டாம் அவென்யூ ரயில் நின்றது. 1950 டிசம்பரில் சவுத் ஃபெர்ரி கிளை போயிற்று. 1953இன் கடைசி நாளோடு சிட்டி ஹால் கிளையும். நாலு பக்கமும் ரயில் அனுப்பிய சந்திப்பு, வண்டி வந்து முட்டித் திரும்பும் கடைசி நிறுத்தமாகச் சுருங்கியது. 1955 மே 12 மாலை அதுவும் முடிந்தது. இவ்வளவும் மூடல். கணக்குப்பிள்ளை பேனாவால் செய்கிற காரியம்.

இடிப்பு மனைக்காரர்களின் காரியம். தூண் போனால் தெருவுக்கு வெயில் வரும், வெயில் வந்தால் மனை விலை ஏறும். வெயிலுக்கு விலை உண்டு என்பதை நியூயார்க் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1882இலேயே சொல்லிவிட்டது: தெருவோரச் சொத்துக்காரருக்கு வெளிச்சத்திலும் காற்றிலும் உரிமை உண்டு, எல் அதைப் பறித்தால் ஈடு கொடுக்க வேண்டும். இந்தத் தீர்ப்பை மனத்தில் வைத்துக்கொண்டு மூன்றாம் அவென்யூ எல் ஓடிய பவரி தெருவின் பழைய படமொன்றைப் பாருங்கள். தண்டவாளம் இரண்டு ஓரமும் நடைபாதைக்கு மேலேயே ஓடும். அதன் அடியில் பட்டப்பகலில் கடைக்காரர் உட்கார்ந்திருந்தாரே, அது மாதிரி நிழல்தான் வழக்குப் பொருள்.

இன்னும் ஒன்று பாக்கி: மாற்று. ஆறாம் அவென்யூ எல் பாதையை 1938 டிசம்பரில் மூடி, அடுத்த ஆண்டே இடித்தார்கள். 1940 டிசம்பரில் அதே தெருவின் அடியில் சுரங்க ரயில் ஓடியது. நியாயம். மூன்றாம் அவென்யூக்காரர்களுக்கு இரண்டாம் அவென்யூ சுரங்க ரயில் வரும் என்று சொல்லியிருந்தார்கள். வந்தது, 2017 ஜனவரி 1 அன்று! அதுவும் வடக்கே மூன்றே புது நிலையங்களோடு. சாட்டம் ஸ்கொயர் பக்கம் இன்னும் எட்டிப் பார்க்கவில்லை. இத்தனைக்கும் இதே மூன்றாம் அவென்யூ எல் ஆற்றுக்கு அப்பால், பிராங்க்ஸில், 1973 வரை ஓடியது. மன்ஹாட்டனின் மனை விலை அங்கே இல்லை, அவ்வளவுதான்.

இதையெல்லாம் விட்டுவிட்டு 'அன்றும் இன்றும்' என்று இரண்டு படத்தைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி உச்சுக் கொட்டுகிறார்களே, அது ரசனை இல்லை, சோம்பல். ஆறாம் அவென்யூ இரும்பு ஜப்பானுக்குப் போய்க் குண்டாகத் திரும்பி வந்தது என்ற வதந்தியில் ஆரம்பிக்கிறவர்களிடம் நான் பேசுவதே இல்லை. இருட்டும் அழுக்கும் ஒழிந்தது என்று எழுதும் நகரமைப்பு விமர்சகர்கள் இன்னும் மோசம். எல் நிலையக் காத்திருப்பு அறையின் கரி அடுப்பையும் வண்ணக் கண்ணாடி ஜன்னலையும் அவர்கள் ஒரு வரியிலாவது சொல்லியிருப்பார்களா?

சரி, நான் செய்வதைச் சொல்லிவிடுகிறேன், உங்களோடு இருக்கட்டும். 1955இல் ஜோசப் கார்னெல் என்ற கலைஞர், எல் போவதற்குள் அதைப் படமாக்கும்படி ஸ்டான் பிரேக்கேஜ் என்ற இளைஞரைக் கேட்டார். வந்த படம் 'தி வண்டர் ரிங்'. சில நிமிடங்கள்தான், ஒலி கிடையாது, கதை கிடையாது, ஜன்னல் கண்ணாடியில் நெளிகிற வெளிச்சம் மட்டும். கார்னெல் பிறகு அந்தக் காட்சிகளைத் திருப்பிப் போட்டு, பெயரின் எழுத்துகளையும் பின்னிருந்து முன்னாகத் திருப்பி, இன்னொரு படம் செய்தார். நான் முதலில் பார்த்தது அந்தத் திருப்பிய படத்தை. இன்றைக்கும் நேர்ப்படத்தைப் போட்டால், ரயில் தப்பான பக்கம் போவதாகவே எனக்குத் தோன்றுகிறது.