வழி கூறாத எடுத்தாள்கை: பெருநிறுவனமும் சிறு கலைஞரின் வடிவமும்

முன்னோர் ஆக்கத்தைப் பின்னோர் எடுத்தாள்வதைத் தமிழ் மரபு குற்றமாகக் கொள்ளவில்லை; தொல்காப்பியம் வழிநூலுக்கு இடமளித்து அதனை நால்வகையாகப் பகுக்கிறது. ஆயின், சிறப்புப்பாயிரத்துக்கு நன்னூல் கூறும் எட்டனுள் ஆக்கியோன் பெயரை அடுத்து 'வழி' நிற்கிறது. எடுத்தாளலாம், மூலத்தை முகப்பிலேயே சுட்ட வேண்டும். சிறு கலைஞர்களின் காட்சி அடையாளத்தைப் பெருநிறுவனங்கள் பின்பற்றும் இக்காலப் போக்கை மதிப்பிட இவ்வளவுகோல் பொருந்தும்.

2018 ஜனவரியில் 'எல்' இதழின் இந்தியப் பதிப்பு அட்டையில் வெளிவந்த டியோர் ஆடை, டெல்லியின் 'பீப்பிள் ட்ரீ' என்னும் சிறு வடிவமைப்பகத்தின் அச்சுருவை ஒத்திருந்தது. யோக நிலையில் அமைந்த மனித உருவங்களைக் கொண்ட அவ்வச்சுருவை வரைந்தவர் ஒரிஜித் சென். பூசல் நீதிமன்றத்துக்கு வெளியே சமரசத்தில் முடிந்தது. 2025 ஜூனில் மிலான் ஆடைக்காட்சியில் பிராடா நிறுவனம் கோலாப்பூர்ச் செருப்பின் வடிவத்தைத் தோல் காலணி என்ற பொதுப்பெயரில் முன்வைத்தது. எதிர்ப்பு எழுந்த பின்னரே இந்திய மூலத்தை ஒப்புக்கொண்டது. முன்னதில் தனி உடன்பாடு, பின்னதில் காலந்தாழ்ந்த ஒப்புதல். இரண்டிலும் 'வழி' முகப்பில் இல்லை.

கோலாப்பூர்ச் செருப்பு 2019இலேயே புவிசார் குறியீடு பெற்றது. எனினும், 1999ஆம் ஆண்டுச் சட்டம் முதன்மையாகக் காப்பது பெயரையும் அது சுட்டும் பிறப்பிடத்தையுமே. வடிவத்தை எடுத்துக்கொண்டு பெயரை விட்டுவிடுவோரை அச்சட்டத்தால் எளிதில் பிணிக்க இயலாது. ஆகவே, மூலத்தை மறைத்தல் அறப்பிழையாக மட்டும் நிற்பதில்லை. சட்டத்தினின்று தப்பும் உபாயமாகவும் அமைகிறது.

2021இல் இக்குறியீட்டைப் பெற்ற கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்தின் நிலையும் இதுவே. அதன் உருவமைதியைக் கணினிவழிச் செதுக்கி, ஊர்ப்பெயரின்றி விற்கும் நிறுவனத்தைப் பெயருரிமை தடுக்காது. மரபு வடிவத்துக்குத் தனியுடைமை ஏது என வினவலாம். சிற்பிகளும் கோயிற் சிற்பங்களிலிருந்து கற்றவர்களே. ஆனால் அம்மரபைத் தம் வழியாக அவர்கள் மறைப்பதில்லை.

எனவே, சிற்பிகளின் உருவமைதி, மரம், உளி நுட்பம், ஆக்கியோர் பெயர், செய்த ஆண்டு ஆகியவற்றை அவர்தம் இசைவுடன் ஆவணப்படுத்துதல் தமிழாய்வின் உடனடிப் பணியாகும். வழியை மறைப்பவருக்கு எதிரே வைக்கத்தக்க சான்று அதுவே.