முடிநிலைக் கருத்தரங்கின் நியதிகள்: ஒரு மதிப்பீடு

கருத்தரங்கு எனத் தமிழில் வழங்கப்படும் 'செமினார்' என்னுஞ் சொல், நாற்றுமேடையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லினின்றும் பிறந்ததாகும். நாற்றுமேடையில் எவரும் கதிர் அறுப்பதில்லை. பிடுங்கி நடுதற்கு வேண்டிய உரம் நாற்றுக்கு வந்துவிட்டதா என்பதையே கமக்காரன் அங்கு நோக்குகின்றான். ஜேர்மனியப் பல்கலைக்கழகங்கள் இச்சொல்லை உயர்கல்விக்கு உரியதாக்கியபோதும் அப்பொருள் மறையவில்லை. 1834ஆம் ஆண்டிற் கோனிக்ஸ்பேர்க் நகரில் யாக்கோபியும் நொய்மனும் தொடங்கிய கணித பௌதிகக் கருத்தரங்கில், மாணவர் விரிவுரையைக் கேட்டெழுதுவதோடு அமையாது தாமே கணித்தும் அளந்தும் ஆராயப் பழக்கப்பட்டனர். 1876இல் போல்டிமோரில் நிறுவப்பட்ட ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகம் இம்முறையை அமெரிக்க மண்ணில் வேரூன்றச் செய்தது.

இன்று அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கல்லூரிகள் பலவற்றில், உயிரியலைத் தன் முதன்மைப் பாடமாகக் கற்கும் மாணவன் பட்டம் பெறுமுன் இறுதியாண்டில் ஒரு கருத்தரங்கினை நிறைவேற்றல் வேண்டும். கட்டடத்தின் உச்சியில் இறுதியாக ஏற்றப்படும் கல்லின் பெயரால் அது 'கப்ஸ்ரோன்' கருத்தரங்கு எனப்படும். தமிழில் முடிநிலைக் கருத்தரங்கு எனலாம். ஆராய்ச்சிப் பல்கலைக்கழகங்களின் இளமாணிக் கல்வியை ஆராய்ந்த போயர் ஆணைக்குழு 1998இல் வெளியிட்ட அறிக்கையில், அக்கல்வி இத்தகைய ஒரு முடிநிலை அனுபவத்தோடு நிறைவுறல் வேண்டுமென விதந்துரைத்தது. 2011இல் அமெரிக்க விஞ்ஞான முன்னேற்றச் சங்கம் வெளியிட்ட உயிரியற் கல்வி அறிக்கையும், விஞ்ஞானத்தின் செயன்முறையைக் கையாளும் ஆற்றலை மாணவனுக்கு வேண்டிய திறன்களுள் முதலாவதாக வைத்தது. நாற்றுமேடையும் முடிக்கல்லும் ஒரு தொடரில் அடுத்தடுத்து நிற்பது விந்தையே. ஒன்று தொடக்கத்தைச் சுட்டுவது, மற்றையது முடிவைச் சுட்டுவது. நடைமுறையில் இவற்றுள் எது மேலோங்குகின்றது என்பதை அக்கருத்தரங்கின் நியதிகளே காட்டிவிடும்.

நியதிகள் கல்லூரிக்குக் கல்லூரி வேறுபடினும் பொதுப்போக்கு ஒன்றே. கலவியல், பிறப்புரிமையியல், சூழலியல், கூர்ப்பு முதலிய அடிப்படைப் பாடங்களில் மாணவன் முன்னரே சித்தியடைந்திருத்தல் வேண்டும். ஆசிரியரின் இசைவோடு ஒரு பொருளைத் தெரிந்து, அதுபற்றிய மூல ஆய்வுக் கட்டுரைகளைத் திரட்டிக் குறிப்புரையுடன் பட்டியலிட்டு, அவற்றைத் தொகுத்து ஒரு மீளாய்வுக் கட்டுரை எழுதித் திருத்தல் வேண்டும். சகமாணவர் முன்னிலையில் உரை நிகழ்த்தலும், ஏனையோர் உரைகளுக்குத் தவறாது சமுகமளித்தலும், வெளியிலிருந்து வரும் விஞ்ஞானிகளின் சொற்பொழிவுகளைக் கேட்டுச் சுருக்கம் எழுதலும் உடன் விதிக்கப்படும். சில துறைகள் இவற்றின்மேல் ஒரு பல்தேர்வுப் பரீட்சையையும் வைக்கின்றன. ஆயின் அப்பரீட்சை துறையின் தராதரத்தை அளப்பதற்கு உதவுவதன்றி மாணவனை உருவாக்குவதில்லை. அதனை இங்கு விட்டுவிடலாம்.

இப்பட்டியலில் ஒரு குறை உடனே புலப்படும். எண்ணத்தக்கவை யாவும் எண்ணப்படுகின்றன. மூலங்கள் இத்தனை, பக்கங்கள் இத்தனை, நிமிடங்கள் இத்தனை, வரவு இத்தனை என்றவாறு வரையறைகள் துல்லியமாய் உள்ளன. ஆனால், படித்த கட்டுரையின் முடிபை அதன் சான்றுகள் தாங்குகின்றனவா என்று மாணவன் நிறுத்துப் பார்த்தானா என்பதற்கு வரையறை யாதும் இல்லை. பதினைந்து கட்டுரைகளின் சுருக்கங்களை மட்டும் வாசித்து, அவற்றைக் கோவையாக அடுக்கி, குறித்த நேரத்துக்குள் உரையை முடித்து அமர்ந்தவன் நியதி அனைத்தையும் நிறைவேற்றியவனாகின்றான். அவன் ஒரு முறையேனும் ஒரு சான்றை ஐயுற்று நோக்கியிராமலே உயிரியற் பட்டதாரியாகலாம்.

ஒரே கட்டுரையை ஊன்றிப் படிப்பதன் பயனை 1952ஆம் ஆண்டில் அல்பிரட் ஹேர்சியும் மாதா சேசும் வெளியிட்ட கட்டுரையைக் கொண்டு விளக்கலாம். பற்றீரியாக்களைத் தாக்கும் ஒரு வைரசின் புரதத்தைக் கதிர்த்தொழிற்பாடுடைய கந்தகத்தாலும் அதன் டி. என். ஏ.யைக் கதிர்த்தொழிற்பாடுடைய பொசுபரசாலும் அடையாளமிட்டு, தொற்றுண்ட பற்றீரியாக்களை மின்கலக்கி ஒன்றிலிட்டுச் சுழற்றி, எது வெளியே உதிர்கின்றது, எது உள்ளே தங்குகின்றது என அவர்கள் அளந்தனர். சமையலறைக்கென ஆக்கப்பட்ட பொறியே அங்கு ஆய்கருவியாயிற்று. புரதம் வெளியே நிற்க டி. என். ஏ. மட்டும் உள்ளே புகுந்தது, ஆகவே பரம்பரைப் பதார்த்தம் டி. என். ஏ.யே என்று பாடநூல்கள் பல இரண்டு வரியில் முடித்துவிடுகின்றன. அவற்றின் படத்தில் கந்தகம் முழுவதும் வெளியில், பொசுபரசு முழுவதும் உள்ளில்.

மூலக் கட்டுரையைத் திறப்பவன் காண்பது வேறு. சுழற்சியினால் உதிர்ந்த கந்தகம் நூற்றுக்கு 75 முதல் 80 வரையே. ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு பற்றீரியாவுடன் நின்றுவிட்டது. உள்ளே தங்கவேண்டிய பொசுபரசிலும் நூற்றுக்கு 21 முதல் 35 வரை வெளியேறியது. இவ்வெண்களைக் கண்ட மாணவன் திகைத்தல் இயல்பு. அத்திகைப்பே கல்வியின் தொடக்கம். எஞ்சிய கந்தகம் ஒன்றும் செய்யவில்லை என்பது எவ்வாறு பெறப்படும்? புதிதாகத் தோன்றிய வைரசுகளிற் பெற்றோரின் கந்தகம் நூற்றுக்கு ஒன்றிலுங் குறைவாகவும், பொசுபரசு நூற்றுக்கு முப்பது அல்லது அதற்கு மேலாகவும் காணப்பட்டது என்னும் வேறோர் அளவீடு அங்கே கைகொடுக்கின்றது. ஆசிரியர்களின் முடிபோ பாடநூலினதைவிடப் பன்மடங்கு அடக்கமானது. வைரசின் பெருக்கத்திற் கந்தகமுள்ள புரதத்துக்குப் பங்கில்லை போலும், டி. என். ஏ.க்கு யாதோ ஒரு பங்குண்டு என்ற அளவிலேயே அவர்கள் நின்றனர்.

இதனோடு 1944இல் ஒஸ்வால்ட் ஏவரி, கொலின் மக்லியொட், மக்லின் மக்காட்டி ஆகியோர் நியூமோனியாப் பற்றீரியாவைக் கொண்டு எழுதிய கட்டுரையை ஒப்பிடின் வினா இன்னும் கூர்மையடையும். ஏவரி குழுவினர் பிரித்தெடுத்த டி. என். ஏ. மிகத் தூயதாயிருந்தும், அதிற் சிறிதளவு புரதம் ஒட்டியிருக்கலாம் என்ற ஆட்சேபம் அல்பிரட் மேர்ஸ்கி போன்றோரால் எழுப்பப்பட்டது. எட்டாண்டு கழித்து, ஐந்திலொரு பங்கு கந்தகம் எஞ்சிய பரிசோதனை அதனினும் எளிதாக ஏற்கப்பட்டது. ஏவரி பரிசு யாதும் பெறாது 1955இல் மறைந்தார் என்றும் கூறுவதற்கில்லை. பிற பரிசுகள் பல அவரை அடைந்தன. நோபல் பரிசு மட்டும் அவரை அடையவில்லை. ஹேர்சி அதனை 1969இற் பகிர்ந்துகொண்டார். சான்றின் தூய்மை மட்டுமோ ஒரு முடிபை ஏற்கச் செய்வது, அன்றிக் காலத்தின் பக்குவமும் அதிற் பங்கு கொள்ளுமோ என இரு கட்டுரைகளை மட்டும் கையிற்கொண்ட மாணவன் வினவலாம். பதினைந்து சுருக்கங்களைப் படித்தவனுக்கு அவ்வினா எழ இடமில்லை.

ஆதலின் நியதிகளுள் மூலங்களின் தொகையைக் குறைத்து, ஒன்றிரண்டு கட்டுரைகளின் ஒவ்வோர் அட்டவணைக்கும் ஒவ்வொரு வரைபிற்கும் மாணவன் பொறுப்பேற்குமாறு விதித்தல் தக்கது. உரைக்கும் வினாவிற்கும் ஒதுக்கப்படும் நேரத்தையும் மாற்றியமைத்தல் வேண்டும். உரை நெடுநேரம் நீண்டு, இறுதியில் எஞ்சும் ஐந்து நிமிடத்தில் மரியாதைக்காக ஒரு வினா எழுப்பப்படுவதே பெரும்பான்மை வழக்கு. ஒஸ்லர் 1875இல் மொன்றியலிலுள்ள மக்கில் பல்கலைக்கழகத்தில் மருத்துவச் சஞ்சிகைகளைக் கூடிப் படிக்கும் கழகமொன்றை அமைத்தபோது, புதிய ஆய்வுகளைக் கூடியிருந்து உசாவுதற்கும் அது இடமளித்தது. அரங்கிற் குந்தியிருந்து வரவுப் பதிவில் ஒப்பமிடும் சகமாணவனுக்கு அத்தகைய பங்கு யாதும் இல்லை. சமுகமளித்தலுக்கு வழங்கும் புள்ளியை வினவுதலுக்கு வழங்கின் அரங்கின் தன்மையே மாறிவிடும்.

இதற்கு மறுப்பும் உண்டு. எண்ணிக்கை வரையறைகள் பாரபட்சத்துக்கு இடமளிக்காதவை. நூறு மாணவரைக் கொண்ட துறையில் ஒவ்வொருவரையும் அமர்த்தி வினவ ஆசிரியருக்கு நேரமேது. கூச்சமுடைய மாணவன் நன்கு கற்றிருந்தும் நாவெழாது தோற்றுவிடுவான் என்பர். முதலிரண்டும் நிருவாகத்தின் வசதி பற்றியவை. மூன்றாவது மெய்யானது, வினாக்கள் சிலவற்றை முதல்நாளே எழுத்தில் தந்துவிடுவதன் மூலம் அதனை ஓரளவு தணிக்கலாம்.

வாய்மொழி வினாவிற்கு வலுச்சேர்க்கும் புதிய காரணமும் ஒன்றுண்டு. 2022ஆம் ஆண்டின் இறுதி தொட்டு, கேட்ட பொருள்பற்றிச் சீரிய நடையில் மீளாய்வுக் கட்டுரை ஆக்கித் தரும் கணினிச் செயலிகள் எவர்க்கும் எளிதிற் கிட்டுகின்றன. குறிப்புரைப் பட்டியலும், மேற்கோள் ஒழுங்கும், பக்க அளவும் அவற்றுக்குப் பெரும் பணியல்ல. எழுத்தை மட்டும் அளந்த நியதிகள் இனி யாரை அளக்கின்றன என்பதே ஐயம். அட்டவணையைச் சுட்டி, "இவ்வெண் இவ்வாறன்றி வேறாயிருப்பின் உமது முடிபு யாதாகும்?" என்று நேரிற் கேட்கும் ஆசிரியருக்கு அவ்வையம் இல்லை.

இலங்கைப் பல்கலைக்கழகங்களின் நான்காண்டுச் சிறப்புப் பட்டத்திற்கும் இறுதியாண்டில் ஆய்வொன்றை நடத்திக் கட்டுரையும் உரையும் அளித்தல் விதியாக உள்ளது. இங்கு இன்னுமொரு தடை சேர்கின்றது. உயர்தர வகுப்புவரை கலம், நொதியம், கூர்ப்பு எனத் தமிழிற் சிந்தித்த மாணவன், ஆங்கிலமே போதனாமொழியாகிய விஞ்ஞான பீடத்தில் அரங்கேறுகின்றான். அவனது மௌனம் அறியாமையால் விளைந்ததோ மொழியால் விளைந்ததோ எனப் பிரித்தறிய நியதிகள் இடந்தருவதில்லை. உரை ஆங்கிலத்தில் அமைக, வினாவிடையின் முதற்பகுதி தாய்மொழியில் நிகழ்க என்று ஒரு துறை விதித்துப் பார்த்தால், பின்வரிசையில் இருப்போரிடமிருந்து எத்தகைய வினாக்கள் எழுகின்றன என்பது முதற்றவணையிலேயே தெரிந்துவிடும்.