வர்ணனை என்பது சாட்சியம்

கிரிக்கெட் வர்ணனையைப் பற்றி நம்ம பத்திரிகையில் எழுத என்ன இருக்கிறது என்று தோழர்கள் கேட்கலாம். பஞ்சமி நிலம் இருக்கிறது, சுடுகாட்டுப் பாதை இருக்கிறது, எரிந்த குடிசைகள் இருக்கின்றன. இதையெல்லாம் விட்டுவிட்டுப் பணக்கார ஆட்டத்தையும் அதைப் பற்றிப் பேசுகிற வாயையும் ஏன் இழுத்துக்கொண்டு வருகிறாய் என்றும் கேட்கலாம். என் கேள்வி ஆட்டத்தைப் பற்றியது மட்டுமல்ல. கண்ணால் கண்டதைத் தன் வாயால் சொல்லவும், சொன்னதை ஊர் நம்பவும் இங்கே யாருக்கு உரிமை இருக்கிறது? வர்ணனை என்பது அந்த உரிமைதான். அது ஒரு சாட்சியம். இந்தச் சாட்சிக்கூண்டில் பெண் எப்போது ஏறினாள், ஏறியவளை என்ன பேசவிட்டார்கள் என்று பார்ப்பது நமக்குத் தேவையான வேலை.

வானொலியில் பெண் குரல் எப்போதும் இருந்தது. டெல்லியிலிருந்து சரோஜ் நாராயண்ஸ்வாமி செய்தி வாசித்தால் தமிழ்நாடே காது கொடுத்தது. ஆனால் செய்தி என்பது யாரோ எழுதிக் கொடுத்த தாள். வர்ணனைக்குத் தாள் கிடையாது. பந்து புறப்பட்ட கணத்தில் பார்த்ததைச் சொந்த வார்த்தையில் சொல்ல வேண்டும். அவுட்டா இல்லையா என்று அம்பயர் விரல் தூக்குவதற்கு முன்னாலேயே ஒரு கருத்தும் சொல்ல வேண்டும். எழுதியதை வாசிக்கப் பெண், கண்டதைச் சொல்ல ஆண் என்று வானொலி வேலையைப் பிரித்து வைத்திருந்தது. கோவில் உள்ளே யார், வாசலில் யார் என்று பிரித்து வைத்தவர்களுக்கு இது ஒன்றும் புதுப் பழக்கம் இல்லை.

கீழ்பென்னாத்தூரில் எங்க காலனியில் பொங்கல் நேரத்தில் மல்லாட்டை உரித்துக்கொண்டே நாங்கள் சேப்பாக்கம் டெஸ்ட் கேட்டிருக்கிறோம். அண்ணன் கிணறு வெட்டிய கூலியில் வாங்கிய டிரான்சிஸ்டர் அது. அப்துல் ஜப்பாரும் கூத்தபிரானும் தமிழில் சொல்லச் சொல்ல, சேப்பாக்கத்தைக் கண்ணால் பார்க்காத எங்களுக்கு அந்தத் திடல் முழுக்கத் தெரிந்தது. இங்கிலீஷ் தெரிந்தவன் சொத்தாக இருந்த ஆட்டத்தைச் சேரிக்குக் கொண்டுவந்து சேர்த்தது தமிழ் வர்ணனைதான். அந்த நன்றி எனக்கு உண்டு. ஆனால் அந்தப் பெட்டியிலிருந்து ஒரு நாளும் ஒரு பொம்பளை குரல் ஆட்டம் சொல்லி நான் கேட்டதில்லை. "பொட்டச்சிக்குக் கிரிக்கெட்டு இன்னா தெரியும்" என்பது ஊரில் மட்டும் இருந்த பேச்சு இல்லை, வானொலி நிலையத்திலும் சொல்லாமல் இருந்த பேச்சு.

இந்தியாவில் முதலில் அந்த நாற்காலியில் உட்கார்ந்த பெண் என்று அறியப்படுபவர் சந்திரா நாயுடு. 1976-77 பருவத்தில் இங்கிலாந்திலிருந்து வந்த எம்.சி.சி. அணி, தேசிய சாம்பியனான பம்பாய் அணியோடு இந்தூரில் ஆடியபோது அவர் வர்ணனை செய்தார். அதே பருவத்தில்தான் சாந்தா ரங்கசாமி தலைமையில் இந்தியப் பெண்கள் முதல்முறையாக டெஸ்ட் ஆடினார்கள், வெஸ்ட் இண்டீசுக்கு எதிராக. பெண் ஆடவும் பெண் ஆட்டத்தைச் சொல்லவும் ஒரே காலத்தில் கதவு கொஞ்சம் திறந்திருக்கிறது. இதைச் சிறிதென்று தள்ள முடியாது.

ஆனால் யாருக்குத் திறந்தது? சந்திரா, இந்தியாவின் முதல் டெஸ்ட் கேப்டன் சி.கே.நாயுடுவின் மகள். 1932இல் லார்ட்ஸ் மைதானத்தில் தலைமை தாங்கியவர் அப்பா. இந்தூர் ஹோல்கர் அரண்மனையின் ஆதரவில் வளர்ந்த பெயர் அது. மகள் ஆங்கிலப் பேராசிரியர், இந்தூரில் அரசு மகளிர் கல்லூரி முதல்வராகவும் இருந்தவர். படிப்பும் மொழியும் ஆட்ட அறிவும் அவரிடம் இருந்தன. இருந்தும் 2021 ஏப்ரலில், 88 வயதில், அவர் இறந்தபோது வந்த குறிப்புகளில் அப்பா பெயர் இல்லாமல் அவர் பெயர் வரவில்லை. 1995இல் அவர் எழுதிய புத்தகமும் அப்பாவைப் பற்றியதுதான். இதில் அவர் குற்றம் எதுவும் இல்லை. அவ்வளவு தகுதி உள்ள பெண்ணுக்கே அப்பா பெயர் ஒரு நுழைவுச் சீட்டாக வேண்டியிருந்தது என்றால், அப்படி ஒரு அப்பாவை இந்தச் சமூகம் யாருக்கு அனுமதித்தது என்பதுதான் என் கேள்வி.

பல்வங்கர் பாலூவை நினைத்துக்கொள்ளுங்கள். சாமர் சாதியில் பிறந்தவர். புனாவில் வெள்ளைக்காரர் கிளப்பில் பிட்ச் உருட்டி, துரைமாருக்கு வலையில் பந்து போட்டுப் பழக்கியவர். இந்து அணியில் சேர்த்துக்கொண்டார்கள். அவர் எடுத்த விக்கெட்டைத் தொட்டார்கள், அவரைத் தொடவில்லை. பெவிலியனுக்கு வெளியே, தனி மண்குவளையில் டீ கொடுத்தார்கள். நம்ம ஊர் டீக்கடை இரட்டைக் குவளை கிரிக்கெட்டிலும் இருந்தது. 1911இல் இங்கிலாந்து போய் 114 விக்கெட் எடுத்தார். இருந்தும் இந்து அணியின் கேப்டன் பதவி அவருக்குக் கடைசிவரை வரவில்லை. தம்பி விட்டலுக்குத்தான் 1923இல் வந்தது. அதே இந்து அணிக்கு 1916 முதல் ஆடியவர் சி.கே.நாயுடு. ஒருவரின் கதையைச் சொல்ல மகள் கையில் மைக்கும் பேனாவும் இருந்தன. இன்னொருவரின் கதையை ராமச்சந்திர குஹா 2002இல் புத்தகமாக எழுதிய பிறகுதான் படித்தவர்கள் பலர் தெரிந்துகொண்டார்கள். ஆட்டம் இருந்தது, சாட்சி சொல்ல ஆள் இல்லை.

அப்புறம் தொலைக்காட்சி வந்தது. 2003 உலகக் கோப்பையின்போது மந்திரா பேடியை நடுவில் உட்கார வைத்தார்கள். நாடு முழுக்க அவர் புடவையையும் ரவிக்கையையும் பற்றிப் பேசியது; அவர் கேட்ட கேள்வியைப் பேசவில்லை. கூட உட்கார்ந்தவர்களே தன்னைப் பொருட்படுத்தவில்லை என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு அஞ்சும் சோப்ரா போன்ற ஆடிப் பழுத்த பெண்கள் வர்ணனைக்கு வந்தார்கள். ஆட்டம் தெரிந்து பேசுகிற பெண் குரல் இன்று அபூர்வம் இல்லை. 2025 நவம்பர் 2ஆம் தேதி நவி மும்பையில் தென் ஆப்பிரிக்காவை வென்று இந்தியப் பெண்கள் உலகக் கோப்பை வாங்கியபோது நானும் டிவி முன்னால் அழுதேன். ஆனால் அழுது முடித்துக் கண்ணைத் துடைத்த பிறகும் பழைய கேள்வி அப்படியே நிற்கிறது. பெண் குரல் வந்துவிட்டது. அந்தக் குரல் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது?

இந்தக் கேள்வியை உடைத்தவர் எபொனி ரெயின்ஃபோர்டு-பிரென்ட். லண்டனில் ஜமைக்கா வேர் உள்ள குடும்பத்தில் பிறந்தவர். இங்கிலாந்துக்கு ஆடிய முதல் கறுப்பினப் பெண். 2009இல் உலகக் கோப்பை வென்ற அணியில் இருந்தவர். ஆட்டத்தை விட்ட பிறகு பிபிசி வானொலியிலும் ஸ்கை தொலைக்காட்சியிலும் வர்ணனைக்கு வந்தார். 2020 ஜூலை 8, சவுத்தாம்ப்டனில் இங்கிலாந்து - வெஸ்ட் இண்டீஸ் டெஸ்ட் தொடங்க வேண்டிய நாள். மழை. அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்டு கொல்லப்பட்டு ஆறு வாரம் ஆகியிருந்தது. அந்த நேரத்தில் ஸ்கை ஒரு படம் ஒளிபரப்பியது. அதில் மைக்கேல் ஹோல்டிங்கும் இவரும் பேசினார்கள். அணிக்குள் தன் முடியைப் பற்றி, உடம்பைப் பற்றி, சாப்பாடு நாறுகிறது என்று, அப்பா யாரென்று உன் அம்மாவுக்குத் தெரியுமா என்றுகூடச் சொல்லப்பட்ட பேச்சுகளை எபொனி சொன்னார். சொல்லும்போது அழுதார்.

சாப்பாடு நாறுகிறது. இந்த வார்த்தையை ஹாஸ்டலில் கேட்காத தலித் மாணவி உண்டா? டிபன் பாக்ஸைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுவந்த நாட்கள் எனக்கு உண்டு. லண்டனில் கறுப்புப் பெண்ணுக்கு நடந்ததும் இங்கே நமக்கு நடப்பதும் ஒன்றே என்று நான் சொல்லவில்லை. நிறமும் சாதியும் வேறு வேறு வேலை செய்கின்றன. ஆனால் உடம்பையும் சோற்றையும் தாயையும் இழுத்து அவமானப்படுத்துகிற முறை ஒன்றாக இருக்கிறது.

அழுததோடு அவர் நிற்கவில்லை. இங்கிலாந்தில் தொழில்முறை ஆட்டத்தில் கறுப்பின ஆட்டக்காரர் எண்ணிக்கை 75 சதவீதம் சரிந்துவிட்டது என்ற கணக்கை முன்வைத்து, 2020 ஜனவரியிலேயே சர்ரே கிளப்போடு சேர்ந்து கறுப்பினப் பிள்ளைகளுக்கான ஏஸ் திட்டத்தைத் தொடங்கியிருந்தார். 2021 நவம்பரில் தனக்கு வந்த இனவெறி மொட்டைக் கடுதாசியை எல்லோரும் பார்க்க வெளியிட்டார். 2023இல் அந்த நாட்டுக் கிரிக்கெட்டை விசாரித்த சுயாதீன ஆணையம், இனவெறியும் வர்க்கப் பாகுபாடும் பெண் வெறுப்பும் பரவலாக இருக்கின்றன என்று அறிக்கை கொடுத்தது. ஒரு வர்ணனையாளர் பேசியதால் மட்டுமே இது நடந்துவிடவில்லை. ஆனால் ஆட்டம் நடக்கிற இடத்திலேயே, ஆட்டத்துக்கு மைக் பிடிப்பவர்களே சாட்சியும் சொன்னார்கள்.

நம்ம நாட்டைப் பாருங்கள். 2021 டோக்கியோ ஒலிம்பிக். ஹாக்கியில் வந்தனா கட்டாரியா தென் ஆப்பிரிக்காவுக்கு எதிராக மூன்று கோல் போட்டார். ஒலிம்பிக்கில் ஹாட்ரிக் அடித்த முதல் இந்தியப் பெண். சில நாள் கழித்து அரையிறுதியில் அர்ஜென்டினாவிடம் இந்தியா தோற்றது. ஹரித்துவார் பக்கத்தில் அவர் வீட்டு முன்னால் பட்டாசு வெடித்துச் சாதி சொல்லித் திட்டினார்கள் என்று குடும்பத்தார் புகார் கொடுத்தார்கள், கைதும் நடந்தது. செய்தித்தாளில் வந்தது. ஆட்டத்தைச் சொல்கிற பெட்டியிலிருந்து இதை ஒரு வரியாகக்கூட நான் கேட்டதில்லை. கோல் வர்ணனைக்கு உரியது, பட்டாசு போலீசுக்கு உரியது என்று பிரித்துவிட்டார்கள்.

நம்ம சட்டமும் சாட்சி கேட்கிறது. 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி, சாதி சொல்லி இழிவுபடுத்தியது பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் நடந்திருக்க வேண்டும். நாலு சுவருக்குள் நடந்ததை யார் பார்த்தார்கள்? பார்த்தவள் சொன்னால் யார் நம்புகிறார்கள்?

எங்க பக்கத்தில் பொங்கலுக்கு டென்னிஸ் பந்து டோர்னமென்ட் நடக்கும். மைக் செட் கட்டிக் கமெண்ட்ரி சொல்வார்கள். ஊர்த்தெரு பையன் சிக்சர் அடித்தால் பேரோடு, அப்பா பேரோடு வரும். எங்க பையன் அடித்தால் "காலனி டீம் பையன்". சில வருசம் முன்னால் என் அக்கா மகள் ரெண்டு ஓவர் மைக் பிடித்தாள். ஆடிய பதினொரு பேரையும் பேர் சொல்லிச் சொன்னாள். "கொரலு நல்லாத்தான் கீது, ஸ்கோரை மட்டும் சொல்லும்மா" என்று ஒரு பெரியவர் மைக்கை வாங்கிக்கொண்டார். அவள் திட்டவில்லை, கோஷம் போடவில்லை. பேரைச் சொன்னாள், அவ்வளவுதான். அதுவே ஸ்கோரை மீறிய பேச்சாகிவிட்டது.

ஆகவே தோழர்களே, வர்ணனைக்குப் பெண்கள் வந்துவிட்டார்கள் என்று கைதட்டுவதோடு நம் விமர்சனம் முடிந்துவிடக் கூடாது. எந்தப் பெண், யார் பெயரைப் பிடித்துக்கொண்டு, எதைச் சொல்லாமல் இருக்க ஒப்புக்கொண்டு வந்தாள் என்று கேட்க வேண்டும். நம் பெண்பிள்ளைகள் படிக்கிற இதழியல் வகுப்பிலும், பேசப் பழகுகிற பண்பலை வானொலியிலும், ஊர்த் திடல் மைக்கிலும் இந்தக் கேள்வியைக் கொண்டுபோக வேண்டும். அவர்கள் ஸ்கோரும் சொல்வார்கள். ஆடியவன் பெயரையும் சொல்வார்கள். அவனுக்கு டீ எந்தக் குவளையில் வந்தது என்பதையும் சொல்வார்கள்.