வேக வண்டியும் கேட் பூட்டும்

ஆழ்வார்பேட்டையில் டி.டி.கே. சாலைச் சந்திப்பில் நீங்கள் நின்றிருக்கக்கூடும். அங்கே விளக்கு பழுதாகி இரு திசையிலும் பச்சை எரிந்தால் என்ன ஆகும்? வசவு கேட்கும், ஆட்டோக்காரர் பிரேக்கை மிதிப்பார், பெரும்பாலும் அத்துடன் போய்விடும். ரயில் ஓட்டுநருக்கு இந்த வசதி கிடையாது. மணிக்கு 130 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி நொடிக்கு 36 மீட்டர் கடக்கிறது. நொடிதோறும் அதன் வேகம் 0.8 மீட்டர் வீதம் குறைவதாகக் கொண்டால், நிற்பதற்கு 800 மீட்டருக்கு மேல் வேண்டும். வேகம் 160 கி.மீ. ஆனால் 1,200 மீட்டரும் போதாது. வேகம் கால் பங்குகூட ஏறவில்லை. தூரமோ ஒன்றரை மடங்காகிறது. இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்று பள்ளியில் படித்தோமே, அதுதான் இது. ஆகவே ஓட்டுநர் தம் கண்ணை நம்பி ஓட்ட இயலாது. சைகையை நம்பியே ஓட்டுகிறார்.

ரயிலைப் பற்றிய நம் பேச்சில் இந்தச் சைகைக்கு இடமே இல்லை. எல்லாம் வேகம்தான். பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலையில் 2018-இல் உருவான வந்தே பாரத் நல்ல வண்டி. சோதனையில் 180 கி.மீ. தொட்டது. எனினும் 'அதிவேக ரயில்' என்று நாளிதழ்கள் சூட்டும் பட்டம் அதற்குப் பொருந்தாது. ஜப்பானியர் 1964-லேயே 210 கி.மீ. வேகத்தில் பயணிகளை ஏற்றிச் சென்றனர். சென்னை-கோவை வந்தே பாரத் 2023 ஏப்ரலில் தொடங்கியபோது 495 கி.மீ. தூரத்தை 5 மணி 50 நிமிடத்தில் கடந்தது. வகுத்துப் பாருங்கள்: சராசரி 85 கி.மீ. பட்டத்தில் உள்ள மிகையைப் பொறுத்துக் கொள்ளலாம். "வேகம் கூடினால் சாவுதான்" என்று அஞ்சுவோரும் அதே ஒற்றை அளவுகோலைத்தான் பிடித்துக் கொண்டிருக்கிறார்கள். இரு தரப்பும் பார்க்க வேண்டிய இடம் வேறு.

2025 ஜூலை 8 காலை, கடலூரை அடுத்த செம்மங்குப்பம் கேட்டில் ஒரு பள்ளி வேன் மீது ரயில் மோதி மூன்று மாணவர்கள் இறந்தனர். மோதியது வந்தே பாரத் அன்று, விழுப்புரம்-மயிலாடுதுறை பாசஞ்சர். பின்னர் பல நாட்கள் நாம் கேட் கீப்பரைப் பற்றியே பேசினோம். அந்தக் கேட் 'இன்டர்லாக்கிங்' செய்யப்படாதது என்ற செய்தி ஒரு வரியில் முடிந்துவிட்டது.

இன்டர்லாக்கிங் என்பது ஒரு பூட்டு. கேட் மூடிப் பூட்டப்படாமல் சைகை பச்சைக்கு மாறாது. சைகை பச்சையாக இருக்கையில் கேட்டைத் திறக்கவும் முடியாது. ஒருவர் அயர்ந்தாலும் மறந்தாலும் வண்டிக்குப் பச்சை கிடைக்காது. இந்தப் பூட்டு இல்லாத கேட்டில், நிலைய அதிகாரி தொலைபேசியில் சொல்வார். கேட் கீப்பர் மூடிவிட்டு ஓர் எண்ணைச் சொல்வார். இவர் குறித்துக் கொள்வார். மூன்று உயிர்களும் அந்த உரையாடலைத்தான் நம்பியிருந்தன. இன்டர்லாக்கிங் புதிய விந்தையும் அன்று. ஜான் சாக்ஸ்பி இங்கிலாந்தில் அதற்குக் காப்புரிமை பெற்றது 1856-இல். ராயபுரத்திலிருந்து வாலாஜா சாலைக்கு நம் முதல் ரயில் ஓடியதும் அதே ஆண்டுதான்!

பூட்டு இருந்தால் மட்டும் போதுமா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. 2023 ஜூன் 2 மாலை சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ், ஒடிசாவின் பஹானகா பஜாரில் 128 கி.மீ. வேகத்தில் பச்சையைப் பார்த்தே சென்றது. பச்சை நேர்ப்பாதைக்கு, பாயிண்டோ லூப் லைனுக்குத் திரும்பியிருந்தது. அங்கே இரும்புத் தாது ஏற்றிய சரக்கு வண்டி நின்றது. 290 பேருக்கு மேல் மாண்டனர். சைகைக் கம்பி இணைப்புகளை மாற்றியபோது நேர்ந்த பிழையே காரணம் என்றது விசாரணை. அன்று அங்கு நடந்த வேலை ஒரு லெவல் கிராசிங் கேட்டின் தடுப்பைப் புதுப்பிப்பது என்பதுதான் கொடுமை. 'கவச்' இருந்திருந்தால்? சிவப்பைத் தாண்டும் வண்டியை அது நிறுத்தும். பொய்ப் பச்சையை எப்படிச் சந்தேகிக்கும்?

இனி ஜப்பானைப் பாருங்கள். 1964-இல் திறந்த டோக்கியோ-ஒசாகா ஷிங்கான்சென் பாதையில் லெவல் கிராசிங் ஒன்றுகூடக் கிடையாது. சரக்கு வண்டியும் ஓடுவதில்லை. மோதலிலோ தடம் புரண்டோ அதில் ஒரு பயணியும் இறந்ததில்லை. நம் ஆழ்வார்பேட்டையின் அடியில் செல்லும் மெட்ரோ இரண்டாம் கட்டப் பாதைக்கு ஓட்டுநரில்லாத வண்டிகளைத் திட்டமிட முடிந்ததும் இதே காரணத்தால்தான். அங்கே குறுக்கே வர மாடும் இல்லை, வேனும் இல்லை.

நாடு முழுவதும் அப்படிப் பாதை போட நம்மிடம் பணம் இல்லை என்பார்கள். உண்மைதான். ஆனால் கேட்டுக்குப் பூட்டுப் போட அவ்வளவு பணம் வேண்டாம். செம்மங்குப்பத்துக்குப் பிறகு ரயில்வே அமைச்சகம் ஒரு விதியைத் தளர்த்தியது. ஒரு கேட்டை ஒரு நாளில் கடக்கும் ரயில்களின் எண்ணிக்கையைச் சாலை வாகனங்களின் கணக்கால் பெருக்குவார்கள். அத்தொகை 20,000 ஆனால் இன்டர்லாக்கிங் என்று முன்பு இருந்தது, இப்போது 10,000. நல்ல மாற்றமே. ஆனால் 12 ரயிலும் 800 வாகனமும் கடக்கும் ஒரு கிராமத்துக் கேட்டை எண்ணிப் பாருங்கள். பெருக்குத்தொகை 9,600. அங்கே இன்னமும் தொலைபேசிதான்.